எலி பாடம் கற்கும் பெட்டி

பொறியில் வைத்த மசால்வடையைக் கவ்வும்போது கம்பி சரியாக விழாமல் தப்பிவிட்ட எலியை மறுபடி அதே பொறியில் பிடிப்பது எளிதல்ல. எலித் தொல்லை உள்ள வீட்டார் இதை நன்கு அறிவர். வடையின் மணமும் கம்பியின் ‘டப்’ என்ற ஓசையும் அந்த எலியின் மூளையில் முடிச்சுப் போட்டதுபோல் இணைந்துவிடுகின்றன. இவ்வாறு ஒரு நிகழ்ச்சியை மற்றொன்றோடு இணைத்து நினைவில் இருத்தும் திறனைத் தொடர்புக் கற்றல் என்பர். மணி அடித்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பசிப்பதும், தீயைத் தொட்ட குழந்தை மறுமுறை கையை நீட்டாததும் இதன் வகைகளே.

இத்திறனை ஆராய்வோர் இன்று பெரும்பாலும் சுண்டெலியையே நாடுகின்றனர். உருவில் சிறியது, விரைவில் இனம் பெருக்குவது, 25 கிராம் எடையுள்ள இப்பிராணியின் மரபணுத் தொகுதியின் முன்வரைவு 2002ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. ஒரு மரபணுவை மட்டும் மாற்றிய சுண்டெலிகளை வளர்த்து, அவற்றின் நினைவாற்றலில் என்ன குறைகிறது என்று பார்க்க முடிகிறது. முதுமையில் வரும் மறதி நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு பெரும் பகுதி இவ்வழியில்தான் நடைபெறுகிறது.

எலி கற்றுக்கொண்டதா என்பதை எப்படி அறிவது? அதைக் கேட்டறிய முடியாது. ஒரு பெட்டியில் விட்டு, ஓர் அடையாளம் காட்டி, அது என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிதான் நம் கட்டுரையின் பொருள். மூளையைப் பற்றிய ஆராய்ச்சிக் கருவி ஆயினும், உள்ளே இருப்பதெல்லாம் ஒளி, ஒலி, மின்சாரம், நீரின் ஓட்டம் ஆகியவையே. ஆகவே இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் இதைப் பற்றி எழுதுவதில் தவறில்லை என நினைக்கிறேன்.

பலகைப் பெட்டியும் மௌன கோபுரமும்

இத்துறையின் முதல் கருவிகள் மிக மலிவானவை. அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்ற மாணவர் 1890களில் கோழிக்குஞ்சுகளைக் கொண்டு சோதனை செய்யத் தொடங்கியபோது, நூல்களைச் செங்குத்தாக நிறுத்திவைத்தே சந்துபொந்துகள் அமைத்தார். தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மையார் கோழிகளுக்கு இடம் தர மறுத்தார். உளவியல் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் தம் வீட்டின் நிலவறையை அவற்றிற்கு ஒதுக்கிக் கொடுத்தார். பின்னர் தார்ன்டைக் பலகைகளைக் கொண்டு தட்டுமுட்டாகச் சில பெட்டிகள் செய்தார். உள்ளே அடைத்த பூனை ஒரு கயிற்றை இழுத்தாலோ நெம்புகோலை அழுத்தினாலோ கதவு திறக்கும். வெளிவர எடுத்துக்கொள்ளும் நேரம் முறைக்கு முறை குறைந்துகொண்டே வருவதை அவர் வரைபடமாக்கினார். 1898இல் வெளியான அந்த ஆய்வுரை இன்றும் படிக்கப்படுகிறது.

ரஷ்யாவில் பாவ்லாவ் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். ஒலியைக் கேட்ட நாய்க்கு உமிழ்நீர் ஊறுவதை அளக்கும்போது, தெருவில் போகும் வண்டியின் ஓசையும் ஆய்வாளரின் மூச்சும்கூட நாயின் கவனத்தைக் கலைத்தன. ஆகவே 1910களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், தடித்த சுவர்களுடன் ஒலி புகாத அறைகள் கொண்ட ஒரு கட்டடமே எழுப்பப்பட்டது. அதற்கு ‘மௌன கோபுரம்’ என்று பெயர். அதே பாவ்லாவ் முன்னர் தம் ஆய்வுக்கூடச் செலவுக்காக நாய்களின் இரைப்பை நீரைச் சேகரித்து அஜீரண மருந்தாக விற்றதுண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் கவலை அன்றும் இருந்தது.

1930ஐ ஒட்டி ஹார்வர்டில் மாணவராக இருந்த ஸ்கின்னர், எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும் பெட்டியைத் தாமே செய்தார். உணவு வைக்கும் வட்டை வெட்டி எடுத்த மரத்துண்டில் நடுவே ஓர் அச்சு நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் அறுத்து எறியவில்லை. அந்த அச்சில் ஒரு நூலைச் சுற்றினால், உணவு விழும்தோறும் நூல் சிறிது அவிழும். நூலோடு இணைத்த எழுதுகோல் சுழலும் தாளில் படிப்படியாக ஒரு கோடு வரையும் என்று பிறகுதான் அவருக்குத் தோன்றிற்று. கோட்டின் சரிவே எலியின் வேகம். உணவு உருண்டைகளையும் அவரே மருந்துக்கடைக்காரர் மாத்திரை செய்யும் கருவியால் உருட்டி வந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் கையிருப்பு குறைந்துவிட்டதைக் கண்டார். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் உணவு தருவதற்குப் பதிலாக நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் தந்து பார்த்தார். எலி முன்போலவே அழுத்திக்கொண்டிருந்தது! விட்டுவிட்டுத் தரும் பரிசைப் பற்றிய ஒரு பெரிய ஆராய்ச்சித் துறை இவ்வாறு மாத்திரைப் பற்றாக்குறையில் பிறந்தது.

விலை ஏறிய கதை

பின்னர் வந்த ஆண்டுகளில் இப்பெட்டியை நிறுவனங்கள் செய்து விற்கத் தொடங்கின. ஒலியடக்கும் உறை, துருப்பிடிக்காத எஃகுத் தரை, உணவு வழங்கி, ஒலிபெருக்கி, கணிப்பொறியோடு இணைக்கும் பலகை, அதற்கென்று ஒரு மென்பொருள் என எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியின் விலை சில ஆயிரம் டாலர்களை எட்டிற்று. ஒரு பெட்டியோடும் வேலை முடியாது. நாள்தோறும் ஒவ்வோர் எலிக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி என்றால், 16 எலிகளுக்கு ஒரே பெட்டியில் 16 மணி நேரம் ஆகும். காலையில் பயின்ற எலியையும் நள்ளிரவில் பயின்ற எலியையும் ஒப்பிட முடியாது. ஆகவே எட்டுப் பெட்டிகளாவது தேவைப்படும். சிறு கல்லூரிகள் இந்த ஆராய்ச்சியின் பக்கமே திரும்பாமல் இருந்ததற்கு அறிவுக் குறைவு காரணமன்று.

இந்நிலையை மாற்றியவை மூன்று. 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை முதலாவது. 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறி இரண்டாவது. கணிப்பொறியில் வரைந்த உருவத்தைப் பிளாஸ்டிக்கில் அடுக்கடுக்காக வார்த்துத் தரும் முப்பரிமாண அச்சுப்பொறி மூன்றாவது. 2014இல் ஆஸ்கர் பினெயோ என்ற உளவியலறிஞர் ஓர் ஆர்டுயினோ பலகையையும் ஓர் ஐபாட் டச் கருவியையும் இணைத்து எலிப்பெட்டி செய்யும் முறையை வெளியிட்டார். தொடுதிரையே விளக்காகவும் எலி மூக்கால் தொடும் பொத்தானாகவும் பயன்பட்டது. அழகான யோசனைதான். ஆனால் ஐபாட் டச் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள்களால் மட்டுமே கருவி செய்ய வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம். 2016இல் லெக்ஸ் கிராவிட்ஸ் குழுவினர் ஒரு வாளியையே பெட்டியாக மாற்றிக் காட்டினர்.

அதே குழுவினர் செய்த உணவு வழங்கி ஒன்று 2021இல் விரிவாக வெளியிடப்பட்டது. இதனை எலி வாழும் கூண்டிலேயே பொருத்திவிடலாம். மின்கலத்தால் இயங்கும். எலி மூக்கை நுழைக்க இரு துளைகளும், நடுவே உணவு விழும் குழியும் உள்ளன. சரியான துளையில் மூக்கை நுழைத்தால் 20 மில்லிகிராம் உருண்டை ஒன்று விழும். ஒவ்வொரு நிகழ்ச்சியும் நேரத்துடன் ஒரு நினைவு அட்டையில் பதிவாகும். ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் உண்ணும் எனக் கொண்டால் 200 உருண்டைகள். அதாவது இருநூறு பாடங்கள். எலி இரவில் விழித்திருக்கும் பிராணியாதலால், ஆய்வாளர் தூங்கும் நேரத்தில் அது தன் விருப்பப்படி கற்கிறது. மனிதர் கைபடாமல் நடப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஆண் ஆய்வாளர்களின் உடல் மணமே எலிகளுக்குக் கலவரத்தை உண்டாக்குகிறது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014இல் காட்டினர். இக்கருவியின் வரைபடங்களையும் நிரல்களையும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆக, இன்று ஒரு நல்ல சைக்கிள் வாங்கும் தொகைக்குள் ஒரு பெட்டியைச் செய்துவிடலாம். மலிவுப் பெட்டியின் முடிவுகளை நம்பலாமா என்று சிலர் ஐயுறுகின்றனர். நம்பலாம், ஆனால் ஒரு நிபந்தனையுடன். நாம் கொடுப்பதாக நினைக்கும் அடையாளமும் எலி உண்மையில் பெறும் அடையாளமும் ஒன்றுதானா என்று சோதித்தறிய வேண்டும். விலை உயர்ந்த பெட்டியில் இச்சோதனையைச் செய்யாமல் விட்டுவிடுவோர் பலர். தானே செய்தவனுக்கோ ஒவ்வொரு கம்பியும் தெரியும். இனி உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூக்கும் நீர்த்துளியும்

துளையின் ஒருபுறம் அகச்சிவப்பு ஒளி உமிழும் டயோடு ஒன்றையும், எதிர்ப்புறம் ஒளி டிரான்சிஸ்டர் ஒன்றையும் பொருத்துகிறோம். 5 வோல்ட் மின்வழியில் 220 ஓம் தடையுடன் டயோடை இணைத்தால், டயோடின் குறுக்கே விழும் 1.2 வோல்ட் போக எஞ்சியது 3.8 வோல்ட். மின்னோட்டம் ஏறத்தாழ 17 மில்லி ஆம்பியர்; டயோடுக்குத் தீங்கில்லை. மூக்கு குறுக்கிட்டதும் கதிர் தடைப்பட்டு மின்னழுத்தம் மாறும். பலகை அதை எண்ணும். 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இக்கதிர் எலியின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சன்னல் வழியே வரும் வெயிலிலும் இழை விளக்கின் ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. ஆய்வுக்கூட மேசையில் ஒழுங்காக வேலை செய்த துளை, வெயில் பட்டதும் எலியையே காணாமல் போவது இதனால்தான். எலியின் மீசை ஆடுவதால் ஒரே நுழைவு மூன்றாகப் பதிவாவதும் உண்டு. ஒரு சிறு கால அளவுக்குள் வரும் மறு துடிப்புகளைப் புறக்கணிக்குமாறு நிரலில் எழுதிவிட்டால் போதும்.

பரிசாகத் தருவது பெரும்பாலும் நீர். தாராளமாக நீர் கிடைக்கும் சுண்டெலி நாளுக்கு 4 அல்லது 5 மில்லிலிட்டர் குடிக்கும். ஒரு பயிற்சியில் 300 துளிகள் தரவேண்டுமானால் ஒரு துளி 4 மைக்ரோலிட்டர் அளவே இருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: இதன் விட்டம் 2 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சிறிய துளி பரப்பு இழுவிசையால் குழாய் முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே விழாது. எலி நாவால் நக்கி எடுத்துக்கொள்ளும். நொடிக்கு ஏழு எட்டு முறை நக்கக்கூடியது அது.

இத்துளியை அளப்பது எப்படி? எளிய வழி தராசுதான். ஒரு மைக்ரோலிட்டர் நீரின் நிறை ஒரு மில்லிகிராம். வரிச்சுருள் வால்வை 30 மில்லிசெக்கண்டு வீதம் 200 முறை திறந்து மூடி, வந்த நீர் முழுவதையும் மூடியுள்ள ஒரு சிறு குப்பியில் சேர்த்து எடை போடவேண்டும். 0.8 கிராம் இருந்தால் ஒரு திறப்புக்கு 4 மில்லிகிராம். திறக்கும் நேரத்தை மாற்றி மாற்றி அளந்து ஒரு வரைகோடு போட்டுவிட்டால் வேண்டிய அளவைத் தேர்ந்துகொள்ளலாம். இது முதலாண்டு மாணவர்களின் செய்முறை ஏட்டுக்கே உரிய சோதனை.

ஆனால் ஒரு பொறி இதில் உண்டு. நீர்க்குப்பியை அரை மீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம். மெல்லிய குழாயில் ஓடும் நீரின் அளவு, பாய்சொய் விதிப்படி, அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். பயிற்சியின் போக்கில் நீர்மட்டம் 50 செ.மீ.யிலிருந்து 45 செ.மீ.க்கு இறங்கினால் துளியின் அளவும் 10 விழுக்காடு குறைந்துவிடும். நாள் முடிவில் எலி மெதுவாக வேலை செய்வதைக் கண்டு ‘களைத்துவிட்டது’ என்று நாம் எழுதி வைப்போம். உண்மையில் கூலி குறைந்திருக்கிறது! அகன்ற பாத்திரத்தை வைத்தால் மட்டம் அதிகம் இறங்காது. இன்னும் நல்லது, மாரியட் குப்பி. காற்றுப் புகாத அடைப்பின் வழியே ஒரு கண்ணாடிக் குழாயை அடிவரை நுழைத்துவிட்டால், அக்குழாயின் கீழ்முனைதான் அழுத்தத்தை நிர்ணயிக்கும். மேலே நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் ஓட்டம் மாறாது. பதினேழாம் நூற்றாண்டு இயற்பியலறிஞரின் பெயர் தாங்கிய குப்பி, இன்றைய மூளை ஆராய்ச்சிக்கு உதவுகிறது.

எலி கேட்கும் ஒலி

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது ஒலி. மனிதன் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறான். சுண்டெலிக்கு ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிகக் குறைவாகவே கேட்கும். மேலே 80,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். அதன் செவி மிகக் கூர்மையாக இருப்பது 16,000 ஹெர்ட்ஸை ஒட்டி. இதை மறந்து, கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ‘பீப்’ ஒலிப்பானை வைத்துவிட்டு, 2,500 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்ததாக எழுதுகிறோம். ஒலிப்பானுக்கு நாம் அனுப்புவது சதுர அலை. சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு 3, 5, 7 மடங்கு மேற்சுரங்களும் கலந்திருக்கும். அதாவது 7,500, 12,500, 17,500 ஹெர்ட்ஸ். நமக்கு ஓங்கி ஒலிப்பது அடிச்சுரம். எலிக்குத் தெளிவாகக் கேட்பவையோ இந்த மேற்சுரங்கள். ஒரே அறையில், ஒரே கருவியிலிருந்து, நாமும் எலியும் இரு வேறு ஒலிகளைக் கேட்கிறோம்.

சரி, 10,000 ஹெர்ட்ஸ் தூய ஒலியையே கொடுப்போம் என்றால், அதன் அலைநீளம் 3.4 செ.மீ. பெட்டியின் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் நிலை அலைகளாகி, 1.7 செ.மீ.க்கு ஒருமுறை கணுக்கள் உண்டாகும். எலி தலையைச் சற்றே திருப்பினாலும் ஒலி தேய்ந்தும் ஓங்கியும் கேட்கும். சுவரில் பஞ்சு நுரை ஒட்டுவதும், ஒரே சுரத்திற்குப் பதில் அதிர்வெண் மேலும் கீழுமாக அலையும் ஒலியைத் தருவதும் இதற்கு மாற்று.

நமக்குக் கேளாத ஒலிகள் வேறு இருக்கின்றன. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் 625 கோடுகளை நொடிக்கு 25 முறை வரைந்ததால் 15,625 ஹெர்ட்ஸில் மெல்லக் கீச்சிடும். சிறுவர்களுக்கு அது கேட்டது, பெரியவர்களுக்குக் கேட்கவில்லை. இன்றைய மின்வழங்கிகள் பல அதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அவற்றின் சுருள்கள் எழுப்பும் ஓசை நமக்குப் பூரண அமைதி. எலிக்கு ஓயாத இரைச்சல். கைப்பேசியின் ஒலிவாங்கியால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. அது நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை மாதிரி எடுப்பதால், அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் பதிவாகாது. மீயொலி வாங்கி ஒன்றை எங்கிருந்தாவது இரவல் வாங்கிச் சோதிப்பது நல்லது.

எலி இனத்தையும் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் சி57 கருஞ்சுண்டெலிக்கு வயது ஏற ஏற உயர்ந்த சுரங்கள் கேளாமல் போகும். சி3எச் என்ற இனத்தில் விழித்திரை இளமையிலேயே சிதைந்துவிடும். விளக்கைக் காட்டிக் கற்பித்தும் கற்காத எலி மந்தமானது என்று முடிவுகட்டுமுன், அதற்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா?

யாரும் அறியாத மூன்றாம் அடையாளம்

விளக்கை ஏற்ற ஒரு ரிலேயைப் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரியும்போதெல்லாம் ரிலே ‘டக்’ என்று ஒலிக்கும். இருட்டுப் பெட்டியில் எலி கற்றது விளக்கையா, டக் ஒலியையா? பலகையில் 13ஆம் முனையோடு ஒரு சிறு விளக்கு இணைந்திருக்கிறது. அம்முனையிலிருந்து வால்வை இயக்கினால், நீர் வரும்போதெல்லாம் அச்சிறு விளக்கும் மினுக்கும். பலகையை மறுபடி இயக்கும்போது அம்முனை தானே துடிப்பதால், கேளாமலே நீரும் சொட்டும். ரிலேக்குப் பதில் டிரான்சிஸ்டரைப் போடுவதும், வால்வுச் சுருளின் பின் மின்னியக்கு விசையைத் தாங்க ஒரு டயோடு இணைப்பதும், பலகையை வேறு ஒரு மூடிய பெட்டியில் வைப்பதும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

இது சிறு விஷயமல்ல என்பதற்கு இயற்பியலறிஞர் ஃபைன்மன் 1974இல் கால்டெக் நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில் சொன்ன கதையை நினைவுகூரலாம். நீண்ட நடைவழியில் வரிசையாகக் கதவுகள். எலியை எங்கே விட்டாலும் அங்கிருந்து மூன்றாவது கதவுக்குச் செல்லுமாறு பழக்க ஓர் ஆய்வாளர் முயன்றார். எலிகளோ முன்பு உணவு இருந்த கதவுக்கே சென்றன. எப்படித் தெரிந்துகொண்டன? கதவுகளுக்கு ஒரே மாதிரி வண்ணம் பூசினார், மணத்தை மாற்றினார், விளக்குகளை மறைத்தார். கடைசியில் தரையின் ஓசையால் இடத்தை அறிகின்றன என்று கண்டு, நடைவழியை மணலில் பதித்தார். அதன் பிறகே எலிகள் ஏமாந்தன. எலியின் அறிவைப் பற்றி அந்த ஆய்வாளர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எலியை ஆராய என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார் என்பது ஃபைன்மனின் கருத்து.

டக் ஒலி ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை விளக்க ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1972இல் ரெஸ்கார்லா, வாக்னர் என்ற இருவர் சொன்ன விதி இது: ஒவ்வொரு முறையும் எலி கற்பது, அது எதிர்பார்த்ததற்கும் உண்மையில் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கு. முழு எதிர்பார்ப்பை 100 என்றும், பங்கை 0.3 என்றும் கொண்டால், முதல் முறை 30. மீதி 70இல் 0.3 பங்கு 21 சேர்ந்து 51, பிறகு 65.7, இப்படியே ஏறி 100ஐ அணுகும். வியப்பு குறையக் குறையக் கற்பதும் குறைகிறது. மின்தேக்கி மின்னேற்றம் பெறும் வரைகோட்டை வரைந்த மாணவர்க்கு இது பழகிய வடிவமே.

இப்போது ரிலேக்கு வருவோம். முதல் வாரம் வால்வு ரிலேயின் டக் ஒலிக்குப் பின் நீர் வருகிறது; எலி அதை முழுதும் கற்றுவிட்டது; எதிர்பார்ப்பு 100. அடுத்த வாரம் அந்த ஒலியோடு விளக்கையும் சேர்க்கிறோம். வியப்பு ஏதும் மீதியில்லை. ஆகவே விளக்குக்குக் கிடைக்கும் பங்கு ஏறத்தாழச் சுழி. விளக்கு நூறு முறை எரிந்தாலும் எலி அதைப் பொருட்படுத்தாது. லியான் கேமின் 1960களின் இறுதியில் இவ்விளைவைத் தெளிவாகக் காட்டி, அதற்குத் ‘தடுப்பு’ எனப் பெயரிட்டார். அவர் வேண்டுமென்றே செய்த சோதனையை நாம் அறியாமலே நம் கம்பிகளால் செய்துவிடுகிறோம். ஒரு மரபணுவை நீக்கிய எலி ‘விளக்கைக் கற்கவில்லை’ என்ற முடிவுக்கு ஒரு ரிலே காரணமாகிவிட்டால், அதற்காகச் செலவான எலிகளின் உயிரும் வீண்.

ஆகவே சில எதிர்ச்சோதனைகள் இன்றியமையாதவை. ஒலியும் நீரும் இணைந்து வரும் குழுவோடு, அதே எண்ணிக்கையில் ஒலியும் நீரும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வரும் குழு ஒன்றும் வேண்டும் என 1967இலேயே ரெஸ்கார்லா வலியுறுத்தினார். கருவிக்கென நான் சேர்ப்பது இன்னொன்று: நன்கு கற்ற எலியைப் பெட்டியில் விட்டு, ஒலிபெருக்கியின் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, மற்றவை அனைத்தையும் வழக்கம்போல் ஓடவிடுங்கள். ஒலி இல்லாமலே எலி குறித்த நேரத்தில் வந்து நக்கினால், நம் ஒலிக்கு அது கடன்பட்டிருக்கவில்லை என்று பொருள்.

சிக்கனம் கூடாத இடம்

பயத்தைக் கற்பிக்கும் சோதனைகளில் எஃகுக் கம்பித் தரை வழியே எலியின் பாதத்தில் சிறு மின்னதிர்ச்சி தருவர். அரை மில்லி ஆம்பியர் அளவில், ஓரிரு நொடி. ஒலி கேட்டதும் எலி அசையாமல் உறைந்து நிற்பது கற்றதற்கு அடையாளம். இதை மலிவாகச் செய்ய முற்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாறா மின்னழுத்தம் தரும் எளிய சுற்றில், எலியின் பாதம் ஈரமானால் தடை குறைந்து மின்னோட்டம் பன்மடங்கு ஏறிவிடும். மாறா மின்னோட்டம் தரும் சுற்று வேண்டும். ஒரே மின்முனையுள்ள இரு கம்பிகளில் நின்றுகொண்டு தப்பித்துவிடும் அளவுக்கு எலி சாமர்த்தியமுள்ளது. ஆகவே கம்பிகளின் முனைகளை இடைவிடாது மாற்றும் அமைப்பும் வேண்டும். நீர்த்துளி அளவில் பிழை நேர்ந்தால் எலிக்குத் தாகம். இதில் நேர்ந்தால் வதை.

சட்டமும் உண்டு. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விலங்குச் சோதனை செய்யும் நிறுவனம் மத்திய அரசின் குழுவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; ஒவ்வோர் ஆய்வுக்கும் நிறுவனத்தின் ஒழுக்கநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். சுண்டெலியும் இதில் அடங்கும். பொறியில் விழுந்த வீட்டெலியை வைத்து மாணவர்கள் தாமே சோதனை செய்வது சட்டப்படியும் தவறு. கடித்தால் நோயும் வரும்.

ஆயினும் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதிக்கு எலியே தேவையில்லை. மூக்குத் துளைக்கு விரல் போதும். நூறு முறை விரலை நுழைத்து, பலகை எத்தனை எண்ணியது என்று பார்க்கலாம். அதையே சன்னல் ஓரத்தில் வெயிலில் வைத்தும் பார்க்கலாம். இருநூறு துளிகளைத் தராசில் நிறுத்து, நீர்மட்டம் இறங்க இறங்க மறுபடி நிறுக்கலாம். மாரியட் குப்பியை வைத்து ஒப்பிடலாம். பலகையின் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுவதும் பயனுள்ளது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள பீங்கான் அதிர்வி அரை விழுக்காடு பிழையுடையதானால், ஒரு மணி நேரத்தில் 18 நொடி முன்பின் ஆகும். ஒலிப்பானின் மேற்சுரங்களைக் கைப்பேசியிலேயே 20,000 ஹெர்ட்ஸ் வரை காணலாம். இவ்வளவையும் அட்டவணையாக எழுதிய ஏடு ஒன்று கையில் இருந்தால், பதிவு பெற்ற ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கு அதையும் பெட்டியையும் எடுத்துச் செல்லலாம். அவர்கள் முதலில் கேட்கப்போவது விலையாக இருக்கலாம். இரண்டாவதாகக் கேட்கப்போவது துளி எத்தனை மைக்ரோலிட்டர் என்பதுதான்.